தண்டமும் பரிவும்

குற்றம் புரிந்தாரை அரசு ஒறுத்தல் வேண்டும் என்பது எல்லா நூல்களுக்கும் ஒப்ப முடிந்ததொன்று. ஒறுக்கப்பட்டவர் அவ்வொறுப்பு முடிந்து புறம்போந்த பின்னர் உலகத்தார்க்கு யாராவர் என்னும் வினாவோ பெரும்பாலும் விடையின்றி நிற்கின்றது. சிறைவாயில் திறக்கும் நாளில் சட்டம் தன் கடமை முடிந்தது என்று ஒதுங்குகின்றது. சுற்றம் நாணி ஒதுங்குகின்றது. ஊர் அஞ்சி ஒதுங்குகின்றது. சமயமும் அங்ஙனம் ஒதுங்குதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்குச் சைவர் பிறநூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திலே, வினைப்பயனை இறைவன் ஊட்டும் முறைமையை விளக்குமிடத்து, இதற்கு வேண்டிய இரண்டு கருத்துக்கள் அமைந்து கிடக்கின்றன. தாய்தந்தையர் தம் சொல்வழி வாராத மக்களை உறுக்கியும் கோல்கொண்டு அடித்தும் கட்டுப்படுத்தியும் திருத்துதல்போல்வது இறைவனது முனிவு என்பதும், ஆராயுமிடத்து அதுவும் பரிவேயாம் என்பதும் ஒன்று. அரசன் செய்யும் தண்டமும் இறைவன் அருள்வழிப்பட்டதே என்பதும், அத்தண்டத்தால் தம் பாவம் தீரப்பெற்று நெறிநின்றவர் தூயராகி நிரயம் புகாது நீங்குவர் என்பதும் மற்றொன்று. இவ்விரண்டும் சைவ மேடைகளிற் பலகாலும் எடுத்தோதப்படுவன. ஆயினும் இவை ஓதப்படுமாறு வேறு. இவற்றின்வழி ஒழுகுமாறு வேறு என்பது நடுநின்று நோக்குவார்க்குப் புலனாம்.

முதற்கருத்தினை எடுத்துக்கொள்க. தண்டம் பரிவேயாம் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, அடித்தல் யாவும் அருளே என்று கூறுவாருளர். அது பொருந்தாது. என்னை? ஆசிரியர் எடுத்த உவமை பெற்றோரது தண்டம். பெற்றவர்க்கு மகன்பால் உள்ளதாகிய அன்பு முன்னே நிற்ப, கோல் அவ்வன்பின் கருவியாய்ப் பின்னே வருகின்றது. அன்பு இல்வழிக் கோல் தண்டத்தின் பெயரைப் பெறுதற்கும் உரித்தன்று. அது வெறும் வன்கண்மையே. அரசன் தண்டமெல்லாம் அருள்வழித்து எனக் கூறுவார்க்குத் திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறே விடையாம். சுவாமிகளை நீற்றறையில் இடுவித்ததும், நஞ்சூட்டுவித்ததும், யானையை ஏவியதும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிவித்ததும் அரசன் ஆணையே. அவற்றை அருட்செயல் என்று எந்தச் சைவரும் கூறார். ஆகலின் சித்தியார் கூறும் தண்டம் முறைதவறாத அரசன், குற்றத்தை ஆராய்ந்து, திருந்துதல் கருதிச் செய்யும் தண்டமே என்று வரைந்து கோடல் வேண்டும்.

இவ்வரையறை ஏட்டளவில் நிற்கும் நுணுக்கமன்று. பழங்கோட்டையை உடைய செங்கற்பட்டு நகரிலே 1887-ஆம் ஆண்டில், குற்றம் புரிந்த சிறுவரைத் திருத்துதற்பொருட்டுச் சீர்திருத்தப் பள்ளி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. சிறுவரை முதிர்ந்த குற்றவாளிகளோடு ஒரு சிறையில் அடைத்தலாகாது என்பதே 1876-ஆம் ஆண்டில் எழுந்த சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின் உட்கிடை. பின்னர் 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. பெயர்கள் பல மாறின. சட்டங்களும் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளிற் புதுக்கப்பெற்றன. சிறுவர்க்கான அரசினர் இல்லம் செங்கற்பட்டில் இன்றும் உள்ளது.

2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில், களவுக் குற்றச்சாட்டின்பேரில் அவ்வூர் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிர்நீத்தான். அவன் அடியுண்டு இறந்தனன் என்ற வழக்கில், 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே அவ்வில்லத்துப் பணியாளர் அறுவர் சிறைப்படுத்தப்பட்டனர். அதன்பின் தமிழ்நாட்டு அரசு, இத்தகைய இல்லங்களின் நிருவாகத்தை ஆராய்ந்து சீர்திருத்தம் கூறும்பொருட்டு, உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒருநபர்க் குழுவை அமைத்தது. இல்லங்களில் உடலை வருத்தும் ஒறுப்பினை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக விலக்கியிருந்தும் அச்சிறுவன் இறந்தனன். சட்டம் கோலைப் பறிக்கலாம். கோலேந்திய கைக்குப் பரிவை ஊட்டுதல் சட்டத்தால் ஆவதன்று. அது சமயத்தின் தொழில்.

ஈண்டுச் சிலர், 'அவரவர் வினையை அவரவர் நுகர்கின்றனர். இடைப்புகுதற்கு யார் உரியர்?' என்பர். இது சைவத்தின் பெயரால் கூறப்படும் சைவமல்லாத கூற்றாம். வினை சடமாகலின் தானே சென்று பயன் தாராது, இறைவனே அதனை ஊட்டுவிக்கின்றனன் என்பது சித்தாந்தம். இறைவன் ஊட்டுதலும் மலநீக்கத்தின்பொருட்டு, உயிரை அழித்தற்பொருட்டன்று. ஒருவன் நோயுற்றதும் வினைப்பயனே. அதுகருதி மருத்துவரை விலக்குவார் ஒருவரும் இலர். பசியும் வினைப்பயனே, அதுகருதி மகேசுவர பூசையை நிறுத்துவாரும் இலர். சிறைப்பட்டான் ஒருவன்மாட்டு மட்டும் வினைக்கொள்கையை எடுத்துக்காட்டி வாளாவிருத்தல், கொள்கையின்மேற் பற்றன்று. தம் சோம்பலுக்கு இடும் போர்வையேயாம். வினைப்பயனை நுகர்வான் அவனாயினும், அவனுக்கு உதவுதலும் உதவாமையும் காண்பாரது வினையாய் அவர்கணக்கில் ஏறும் என்பதை அவர் மறந்தனர்.

இனி இரண்டாங் கருத்து. தண்டத்தால் பாவந்தீர்ந்து நெறிநின்றவரை ஆசிரியர் தூயர் என்கின்றார். இதன் வலிமையைச் சைவவுலகம் முற்றும் உணர்ந்ததாகத் தோன்றவில்லை. கூற்றுவனது தண்டத்திற்கும் இடமின்றி ஒருவனுடைய குற்றம் அரசன் தண்டத்தாலே கழியுமாயின், அதற்குமேலும் அவனை ஒறுத்தற்கு அயலாருக்கு என்ன உரிமை உண்டு? இறைவன் முடித்த கணக்கை ஊரார் மீளத் திறக்கின்றனர். சிறைமீண்டான் ஒருவனுக்குக் குடியிருக்க வீடு இல்லை. கூலிவேலை கேட்பினும் பழம்பெயரே முன்னிற்கின்றது. பெண்கொடுப்பாரும் கொள்வாரும் இலர். கோயிலில் அருகு நிற்பாரும் விலகுகின்றனர். நீதிபதி விதித்த தண்டம் ஐந்தாண்டாயின், ஊர் விதிக்கும் தண்டம் ஆயுள்முழுதும் ஆகின்றது. பழைய தீக்கூட்டம் ஒன்றுமட்டும் அவனை வாயிலில் வந்து வரவேற்கின்றது. அவன் அதனோடு மீளச் சேர்வானாயின், அப்பழியில் ஊரார்க்கும் பங்குண்டு.

2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் புதிய தொடக்கம் என்பதனைத் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கொண்டு, சிறுவர்தம் குற்றப் பதிவுகள், விலக்காகக் கூறப்பட்டவை ஒழிய, அழிக்கப்படல் வேண்டும் என்கின்றது. சட்டம் இந்நாளில் சிறுவர்க்கு அளித்ததனை, ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளின் முன்னரே சித்தியார், சிறுவர் முதியர் என்னும் வேறுபாடின்றி நெறிநின்றார் எல்லார்க்கும் அளித்துளது. ஏட்டிலுள்ள பதிவை அரசு அழிக்கும். மக்கள் மனத்திலுள்ள பதிவை அழிக்கவேண்டியவர் யாவர்?

'குற்றம் சிலர்க்குப் பிறவியிலேயே அமைந்தது. அவர் திருந்தார்' என்பதும் ஒரு கூற்று. ஆங்கில அரசு 1871-ஆம் ஆண்டிலே இக்கூற்றினையே சட்டமாக்கிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் அது 1911-க்குப் பின்னர்ச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குடிகள் பல குழந்தை முதியோர் அனைவரோடும் குற்றக்குடிகள் என எழுதப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டிலும், நாடு முழுதும் 1952-ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சித்தாந்தத்தின்முன் இக்கூற்று ஒருகணமும் நில்லாது. ஆணவமலம் உயிர்கள் அனைத்திற்கும் பொது. அஃது ஒருசில குடிகளுக்கே உரிய தனிச்சொத்தன்று. செம்பிற் களிம்புபோல் அது அநாதியே உடனாயினும் உயிரின் இயல்பாவதன்று, ஆதலின் நீங்கத்தக்கது. நீங்காது எனின் இறைவனது ஐந்தொழிலும் வீணாம், தீக்கையும் வீணாம், முத்தியும் இல்லையாம். சிறையிலிருப்பவன் திருந்தான் என்று துணிபவன் அறியாமலே தன் வீடுபேற்றையும் மறுக்கின்றனன்.

அன்றியும் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. இருளைச் சார்ந்த கண் இருளாயும், ஒளியைச் சார்ந்த கண் ஒளியாயும் நிற்பதுபோல, உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையை எய்தும். இவ்வுண்மையால் இரண்டு விளங்கும். சிறிய பிழை செய்தவனைப் பெரிய குற்றவாளிகளிடையே நெடுநாள் வைத்தல் அவனைக் கெடுப்பதாம் என்பது ஒன்று. சிறைமீண்டவனுக்கு வேண்டுவது அறிவுரையினும் சார்பே என்பது மற்றொன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங்கழுவுதலோடு அடியார் கூட்டத்தைச் சேர்த்துரைத்ததும் இதுபற்றியேயாம். அடியார் இணக்கம் முத்தர்க்கே வேண்டப்படுமாயின், வழுக்கி வீழ்ந்து எழ முயல்வானுக்கு அது வேண்டாதொழியுமோ?

பெரியபுராணத்திலும் இதற்குச் சான்றுகள் உள. இடங்கழி நாயனார் கொடும்பாளூரிலிருந்து ஆண்ட அரசர். அவர்தம் நெற்களஞ்சியத்தில் இரவில் களவுசெய்த ஒருவனைக் காவலர் பற்றிக்கொணர்ந்தனர். நாயனார் முதலிற் செய்தது தண்டம் விதித்தலன்று. ஏன் கவர்ந்தாய் என வினாவுதல். அடியாரை அமுதூட்டப் பொருளின்மையாற் செய்தேன் என்றவனை அவர் விடுவித்ததோடு அமையாது, அடியார் தம் பண்டாரத்தை வேண்டியவாறு கொள்க என்று பறையறைவித்தனர். குற்றத்தின் காரணத்தை வினாவி, அக்காரணத்தையே நீக்கினமை ஈண்டு நோக்கற்பாலது.

நரசிங்கமுனையரையர் திருவாதிரை நாளில் அடியார்க்குப் பொன்னளித்து அமுதூட்டுவர். ஒருநாள் இழிந்த காமவொழுக்கத்தின் குறிகளை உடலிற் கொண்ட ஒருவர் திருநீறணிந்து அங்கு வந்தனர். அருகிருந்தார் இகழ்ந்து ஒதுங்கினர். நாயனாரோ எதிர்சென்று வணங்கி, ஏனையோர்க்கு நூறுபொன் அளித்த தாம் அவர்க்கு இரட்டித்து இருநூறு பொன் அளித்து விடைகொடுத்தனர். ஊர் ஒதுக்கியவனுக்கு இருமடங்கு வரவேற்பு வேண்டும் என்னும் நுட்பத்தை அவர் செயல் காட்டுகின்றது. மெய்ப்பொருள் நாயனாரோ தம்மைக் குத்தி வீழ்த்தியவனையும் ஊரார் தீங்கிழையாதவாறு எல்லைகாறும் காத்துச்சென்று விடுமாறு தத்தனை ஏவினர். அங்ஙனம் உடன்சென்று காக்கும் ஒருவன் இன்றிச் சிறைமீண்டவன் தன் தெருவையும் கடத்தல் அரிது.

இவையெல்லாம் திருநீற்றுவேடத்தின் பொருட்டுச் செய்யப்பட்டன. எல்லாக் குற்றவாளிக்கும் பொருந்துமாறு எங்ஙனம் எனின், வேடத்தைப் போற்றுதல் நாயன்மார் கருத்தென்பது உண்மையே. எனினும் சிறையிலுள்ளாருள்ளும் நீறணிவார் பலர் என்பதையும், அணியாதாரை அணியச்செய்தல் அடியார் கடன் என்பதையும் கடாவுவார் மறத்தலாகாது. மற்றொரு தடையோ இதனினும் வலியது: குற்றத்தால் இழப்புற்றார் ஒருவர் இருப்ப, அயலார் மன்னித்தல் எங்ஙனம் பொருந்தும்? பொருந்தாது என்பதே விடை. இடங்கழியார் மன்னித்தது தம் நெல்லைக் கவர்ந்ததனை. மெய்ப்பொருளார் பொறுத்தது தம் உடலிற் பட்ட புண்ணை. பிறர் இழப்பை அவர் இருவரும் மன்னித்தாரல்லர். ஆகவே இழப்புற்றார்க்கு ஈடுசெய்தலையும், அவர்தம் துயரைக் கேட்டலையும் விட்டுவிட்டுச் சிறைமீண்டார்மாட்டு மட்டும் இரங்குதல் குறையுடைய அறமாம். இரண்டும் ஒருங்கு செய்யப்படல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குதல் கூடாது.

திருநாவுக்கரசரை ஒறுத்த அரசனையும் ஈண்டு நினைத்தல் தகும். அவன் பின்னர்ச் சைவனாகித் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் எனச் சேக்கிழார் கூறுவர். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். செங்கற்பட்டினை அடுத்த வல்லத்திலே அம்மகேந்திரன் காலத்துக் குடைவரைச் சிவாலயம் இன்றும் வழிபாட்டிலுள்ளது. தம் ஆசாரியரைக் கொல்ல முயன்ற அரசனைச் சைவர் ஏற்றனர். அவன் எடுத்த கோயிலைப் போற்றினர். அரசனுக்கு வழங்கிய மறுவாழ்வு, களவுசெய்த ஏழைச்சிறுவனுக்கு மறுக்கப்படுமாயின், அது நீதியாகாது.

செங்கற்பட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் வழியிலே திருக்கழுக்குன்றம் உள்ளது. அத்தலத்தைப் பாடிய மாணிக்கவாசக சுவாமிகள், பாண்டியன் பொருளைத் திருப்பணியிற் செலவிட்டமையாற் சிறையிடப்பட்டு வருந்தியவர் எனத் திருவிளையாடற் புராணம் உரைக்கும். சைவசமயாசாரியர் நால்வருள் ஒருவர் சிறைக்கோட்டத்தை அறிந்தவர். சிறைப்பட்டார் என்னும் பெயரளவிற் கேட்டு முகஞ்சுளிக்கும் சைவர், தாம் நாடோறும் ஓதும் திருவாசகத்தை அருளியவர் யாவர் என நினைவுகூர்தல் வேண்டும்.

அவ்வழி முடியுமிடமாகிய மாமல்லபுரத்தில், கணேச இரதம், தருமராச மண்டபம் முதலியவற்றிலே, உருத்திரனை நெஞ்சில் வையாதாரை மீளமீள இகழும் வடமொழிச் செய்யுளொன்று பல்லவர் காலத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை எடுத்துக்காட்டுவார் பெரும்பாலும் அவ்விகழ்ச்சியையே பேசுவர். இறைவனுக்கு அங்குத் தரப்பட்ட அடைமொழியே அதனினும் கருதற்பாலது. தீநெறியிற் செல்லுதலினின்றும் விடுவிப்பவன் என்பது அதன் பொருள். தீநெறிச் சென்றாரை ஒறுப்பவன் என்று அச்செய்யுள் கூறவில்லை. ஒதுக்குபவன் என்றும் கூறவில்லை. விடுவிப்பவனாகிய அவனை நெஞ்சிற் கொண்டேம் என்பார், தீநெறியினின்று மீள்வானை வாயிலில் நிறுத்தித் துரத்துதல் எங்ஙனம் இயையும்?

இத்தொண்டினைச் செய்தல் அரிது என்பார்க்குச் சிங்கப்பூரை எடுத்துக்காட்டலாம். சிவன்கோயில், மாரியம்மன் கோயில் முதலியவற்றைப் பரிபாலிக்கும் அந்நாட்டு இந்து அறக்கட்டளை வாரியம், 1999-ஆம் ஆண்டிலே ஆசிரமம் என்னும் பெயரால் இல்லம் ஒன்றைத் தொடங்கிற்று. தண்டனையின் இறுதிப்பகுதியிலிருப்பார் சிறையினின்றும் நேரே தெருவிற்கு வாராது, இடையே அவ்வில்லத்தில் தங்கி, கண்காணிப்பின்கீழ் வேலைக்குச் சென்று மீண்டு, குடும்பத்தோடு இணங்கப் பழகுதல் அதன் நோக்கம். கோயிலைப் பரிபாலிப்பவரே சிறைமீண்டார்க்கு மனையும் வழங்கலாம் என்பதற்கு இது கண்கூடு. தமிழ்நாட்டிலோ கிறித்துவ சபையார் நெடுங்காலமாகச் சிறைகளுக்குச் சென்றும், சிறைப்பட்டார்தம் பிள்ளைகளைப் பேணியும் வருகின்றனர். அவர் செய்வதைக் கண்டு மதமாற்றம் என முறையிடுவார், தாம் ஒருநாளேனும் அவ்வாயிலுக்குச் சென்றதுண்டா என்று தம்மை வினாவிக்கொள்வாராக.

சைவர் சிலர் சிறைகளில் தேவார வகுப்பும் சொற்பொழிவும் நடத்துவதுண்டு. அது நன்றே, ஆயினும் போதாது. சிறையினுள் ஓதுவித்த பதிகம், புறம்போந்த அன்று உணவும் உறையுளும் தொழிலும் இல்வழி, நாவில் நில்லாது. செயற்பாலன பெரியன அல்ல. ஊர்தோறும் உள்ள திருமுறைக் கழகங்கள், விடுதலையாகும் நாளை முன்னறிந்து, வாயிலில் இருவரை நிற்கச்செய்தல் கூடும். உழவாரத் திருக்கூட்டத்தில் அவனை ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளுதல் கூடும். சிற்பத்தொழில் வளரும் மாமல்லபுரத்திலும், நெசவும் உழவும் உள்ள அயலூர்களிலும், சைவராயுள்ள தொழிலாளிகள் ஒருவனுக்கேனும் பயிற்சியும் கூலியும் தருதல் கூடும். இழப்புற்ற குடும்பத்தையும் கண்டு வேண்டியன செய்தல் கூடும். செங்கற்பட்டு இல்லத்துச் சிறுவர்க்கோ, அதிகாரிகளின் இசைவுபெற்றுத் தவறாது சென்று காணும் மூத்தோர் சிலர் கிடைப்பாராயின், அதனினும் பெரிய காவல் பிறிதில்லை. புறத்தார் கண் நாடோறும் படும் இடத்திற் கோல் ஓங்குதல் அரிது.

தண்டத்தைப் பரிவாக்குதலும், தண்டம் முடிந்தாரைத் தூயராகக் கோடலும் சித்தியார் விதித்த இரண்டு நிபந்தனைகள். முன்னது அரசின் கையிலுள்ளது. அதனை இடித்துரைத்துப் பெறல் வேண்டும். பின்னது முற்றும் சைவர் கையிலேயே உள்ளது. அதற்கு எந்தச் சட்டமும் ஆணையும் வேண்டா. அந்நூலைப் பூசித்துப் பட்டிற் சுற்றி வைத்துவிட்டு, அது தூயன் என்றவனைத் தீயன் என்பார் அந்நூலைப் பொய்யாக்குகின்றனர். 17 வயதில் மாண்ட சிறுவனுக்கு இனிச் செய்யத்தக்கது ஒன்றும் இல்லை. அவனோடு அவ்வில்லத்தில் இருந்து மீண்டார்க்கும், இனி மீள்வார்க்கும் செய்யத்தக்கது மிகப் பல. அவற்றுள் ஒன்றையேனும் தொண்டைநாட்டுச் சைவர் மேற்கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்